நான் கதைக்கிறன்

அவரை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வராது. கைதான் வரும். உள்ளங்கையை எங்கள் பக்கம் திருப்பி, பஸ்ஸை மறிப்பது போல உயர்த்துகிற கை. அந்தக் கை உயர்ந்தால் பின்னால் ஒரே ஒரு வசனம்தான் வரும்.

"நீங்கள் வாய் திறக்காதேங்கோ. நான் கதைக்கிறன்."

பெயரை எழுதமாட்டேன். எழுதினால் சுவிஸில் நாங்கள் இருக்கிற இந்த ஊஸ்டரில் பாதித் தமிழர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மற்றப் பாதி, "நீர் எழுதினது சரி" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, கோயிலில் போய் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசும். எனக்கு இரண்டும் வேண்டாம். அவர் நல்ல மனுசன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் எனக்குச் சொல்ல வரத் தேவையில்லை. நல்ல மனுசன் என்ன செய்தார் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வேலை செய்தது ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில் நிற்கிற ஒரு பழைய மில்லில். ஒரு காலத்தில் அங்கே பஞ்சிலிருந்து நூல் நூற்றார்களாம். எங்கள் காலத்தில் அது சலவைத் தொழிற்சாலை. ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்து அழுக்கு விரிப்புகள் லொறியில் வரும். தோய்த்துப் பிழிந்தது எங்கள் கைக்கு வரும். பஸ் நீளத்துக்கு ஒரு அயன் மிஷின். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்துச் சூட்டு உருளைக்குள் செருக, அந்தப் பக்கம் இரண்டு பேர் மடிக்க வேண்டும். நான் செருகுகிற பக்கம். எனக்குச் சோடி அவருடைய மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒருவரோடும் கதைக்கமாட்டார். வீட்டிலும் வெளியிலும் அக்காவுக்காகக் கதைப்பது அவர்தான். கோயில் ஐயர் யாழ்ப்பாணத்து ஆள், எங்கள் தமிழ்தான் கதைக்கிறவர். அவரிடம் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வதுகூட இவர்தான். அக்கா பக்கத்தில் கும்பிட்டபடி நிற்பார்.

வேலை நடக்கிற மண்டபத்துக்கும் கந்தோருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அவருடைய இடம் அந்த வாசல். ஒரு கால் எங்கள் ஈரச் சீமெந்தில், மற்றக் கால் கந்தோர்க் கம்பளத்தில். உள்ளே எங்கள் மேலாளர் இருப்பார், ஒரு சுவிஸ் பெண்மணி. செஃபின் என்போம். அவர் எங்களுக்குச் சொல்வது, நாங்கள் அவருக்குச் சொல்வது, எல்லாம் அந்த வாசலால்தான் போய் வரும்.

நான் கலியாணம் கட்டி வந்து, மகள் நடக்கத் தொடங்கிய பிறகு வேலை தேடினேன். தேடினேன் என்பதும் பொய். என் கணவர் அவரிடம் ஒரு சொல்லுச் சொன்னார், அடுத்த கிழமை நான் செஃபினுக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். செஃபின் என்னைப் பார்த்துக் கேட்பார். அவர் பதில் சொல்வார். நான் தலையாட்டுவேன். ஒரு கட்டத்தில் செஃபின் கண் விரிய என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னண்ணை சொன்னனீங்கள்? மனுசி அப்பிடிச் சிரிக்குது."

"நீர் கொழும்பிலை பெரிய ஹோட்டல் ஒண்டிலை துணி பாத்தனீர் எண்டு சொன்னனான்."

"நான் கொழும்பையே பிளேன் ஏறேக்கைதான் கண்டனான்."

"அது அவவுக்கு என்னத்துக்கு? திங்கட்கிழமை வாரும்."

திங்கட்கிழமை போனேன். இல்லையென்று சொல்ல முடியுமா? அவர் இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலை இல்லை. எனக்கு மட்டும் இல்லை, அந்த மண்டபத்தில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான். இதற்காக ஒரு சதம் அவர் வாங்கியதில்லை. யாராவது மீன் வாங்கிக்கொண்டு போனால்கூட, "கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குச் சமையுங்கோ" என்று திருப்பிவிடுவார். காசு வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. கொடுத்தோம், வாங்கினார், முடிந்தது என்று போயிருக்கும்.

அவருக்கு இரண்டு குரல் இருந்தது. ஜெர்மன் பேசினால் பெரிய குரல், நடுவில் நடுவில் உரத்த சிரிப்பு. தமிழ் பேசினால் தொண்டைக்குள். சட்டைப் பையில் எப்போதும் மின்ற் இனிப்பு. ஒரு மொழியிலிருந்து மற்ற மொழிக்குப் போகும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். அது கரையுமட்டும் யோசிப்பார் என்று நினைக்கிறேன். என்ன யோசித்தார் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

பெண்களை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி நின்று மொழிபெயர்ப்பார். மரியாதையான ஆள், ஒருக்காலும் திரும்பிப் பார்த்ததில்லை. என் தோள்மூட்டுக்கு ஒருமுறை வந்தார். நான் டொக்டருக்குச் சொன்னேன்: விடியப்புறம் நெருப்பாய் எரிகிறது, பிள்ளையைத் தூக்க ஏலவில்லை, குசினிக்குள் நின்று அழுகிறேன், இந்த வேலை செய்யலாமா என்று பயமாக இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். இனிப்பைப் போட்டார். பிறகு டொக்டருக்கு இரண்டே இரண்டு சொல் சொன்னார். டொக்டர் பூசுகிற மருந்து ஒன்று எழுதித் தந்தார். நான் ஒரு வாளி தண்ணீர் கொடுத்தேன், அவர் அந்தப் பக்கம் ஒரு கரண்டி ஊற்றினார்.

பள்ளிக்கூடக் கதை ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்போம். எங்களோடு மடிக்கிற ஒருத்தியின் மகன் வகுப்பில் ஒரு பெடியனின் மூக்கை உடைத்துவிட்டான். வாத்தியார் தாயைக் கூப்பிட்டு, முகம் சிவக்கச் சிவக்கக் கத்தியிருக்கிறார். இவர்தான் மொழிபெயர்ப்பு. தாய் வெளியே வந்து எங்களுக்குப் பெருமையாகச் சொன்னாள்: "பெடியன் நல்ல துடியாட்டமாம். இன்னும் கொஞ்சம் சாப்பாடு கூடக் குடுக்கட்டாம்." கொடுத்தாள். அவன் அடுத்த மூக்கையும் உடைத்தான்.

செஃபின் எங்களை ஏசினாலும் அப்படித்தான். கறை போகாத விரிப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி அந்த மனுசி தொண்டை கிழியக் கத்தும். இவர் எங்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பாத்துச் செய்யட்டாம்" என்பார். கத்தலுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் எங்கே போயிற்று? அவருக்குள்தான் போயிற்று. எங்கள் அழுகையும் அவருக்குள், அவர்களின் ஏச்சும் அவருக்குள். "எங்கடை ஆக்களாலை ஒரு கரைச்சலும் இல்லை எண்டு அவங்கள் சொல்லவேணும்," என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

நகரசபை தாய்மாருக்கு ஜெர்மன் வகுப்பு வைத்தது. போகலாமா என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சு களைச்சுப்போய் என்னத்துக்கு, தங்கச்சி? நான் இருக்கிறன்தானே."

2009 வைகாசி. அதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்களில் பலருக்கு வன்னிக்குள் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அண்ணன் குடும்பம். அக்காவுக்கு ஒரே தம்பி, கலியாணம் கட்டாதவன், அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பெடியன். ரெலிபோன் இல்லை, ஒரு தகவலும் இல்லை. அக்கா மிஷினைப் பார்க்காமல் விரிப்பைச் செருகுவார். ஒருநாள் நான் இழுத்திருக்காவிட்டால் கை உருளைக்குள் போயிருக்கும்.

ஜெனீவாவுக்கு, ஐ.நா.வுக்கு முன்னால் ஊர்வலத்துக்கு, பஸ்கள் போகின்றன என்றார்கள். எல்லாரும் போகவேண்டும் என்று நின்றோம். ஆனால் நாங்கள் எல்லாரும் ஒரே நாளில் வராவிட்டால் தொழிற்சாலை நின்றுவிடும். "கேளுங்கோ அண்ணை" என்றோம். கை உயர்ந்தது. கந்தோருக்குள் போனார். நாங்கள் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றோம். கையை விரித்து ஏதோ சொன்னார். சிரித்தார். செஃபினும் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தது நல்ல ஞாபகம்.

வெளியே வந்தார். "ரெண்டு நாள். எல்லாருக்கும். சம்பளத்தோடை."

அன்றைக்கு அவர் எங்களுக்குத் தெய்வம்.

போனோம். ரோட்டில் இருந்து கத்தினோம். தொண்டை போனது, வேறொன்றும் நடக்கவில்லை. திரும்பி வேலைக்கு வந்த அன்று காலை, தேநீர் நேரத்தில், செஃபின் தானே ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். அதில் ஒரு பெரிய கேக். வெள்ளைக் கிறீம். மேலே மஞ்சள் சீனிப் பூக்களும், குத்தி வைத்த சின்னச் சின்னக் கடதாசிக் குடைகளும்.

"இவையளுக்குச் செத்தவீட்டுக்கும் கேக்தானோ?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"அவையின்ரை முறை அப்பிடிப்போலை. வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பாவம், மனுசி மனம் வைச்சுக் கொண்டந்திருக்குது" என்றாள் இன்னொருத்தி.

கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். செஃபின் நெஞ்சில் கை வைத்து நாலு வசனம் பேசினார். அவர் இனிப்பை வாயில் போட்டார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்கடை துக்கத்திலை தானும் பங்காம்."

பல பேர் அழுதுவிட்டோம். செஃபினுக்கும் கண் கலங்கியது. இவர்தான் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினார். ஒவ்வொருவருக்கும் தன் கையால் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். இவர் ஒரு துண்டை எடுத்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால், அக்காவின் வாயில் தீத்தினார். எங்கள் ஆம்பிளைகள் செய்கிற காரியமா அது? செஃபின் கை தட்டினார். நாங்கள் வெட்கத்தில் தலையைக் குனிந்தோம். பிறகு அவரும் ஒரு துண்டு எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. என் அண்ணன் ஒரு கால் இல்லாமல் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அக்காவின் தம்பி காணாமல் போனவர்களில் ஒருவன் என்றார்கள். என்றார்கள் என்றால், அவர்தான் சொன்னார். "தேடுறாங்கள். நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்." வருசங்கள் போயின. அக்கா விரிப்பைச் செருகிக்கொண்டே எனக்குச் சொல்வார்: "அவர் கதைச்சுக்கொண்டிருக்கிறார், தங்கச்சி." ஒவ்வொரு திருவிழாவுக்கும் தம்பியின் பெயருக்கு அர்ச்சனை நடக்கும். பெயரையும் நட்சத்திரத்தையும் அவர்தான் ஐயருக்குச் சொல்வார்.

என் மகள் வளர்ந்தாள். அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களோடு நானும் ஜெர்மன் படித்தேன். அவருக்குச் சொல்லவில்லை. மகள் மேல்பள்ளியில் படிக்கும்போது சரித்திரப் பாடத்துக்கு ஒரு பெரிய கட்டுரை எழுதினாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா, தொழிற்சாலைகளும் அங்கே வந்து குடியேறின சனமும். சாப்பாட்டு மேசை முழுக்கப் படப் புத்தகங்கள். புகைபோக்கிகள். கப்பல் தட்டில் மூட்டை முடிச்சோடு நிற்கிற சனம். துணி மில்லில் நூல் கட்டைகளுக்கு நடுவில் நிற்கிற பெண்கள்.

"இது எங்கடை பக்டரிதானே" என்றேன்.

"இங்கையிருந்தும் போனவை, அம்மா. தறி நெய்த ஆக்கள். மிஷின் வந்தாப் பிறகு அவைக்குச் சாப்பாடு இல்லை. இந்த ஊரிலை ஒரு மில்லுக்கு நெருப்பும் வைச்சவை. சில ஊரிலை ஊர்ச்சபையே ஏழையளுக்குக் கப்பல் காசு குடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது, திரும்பி வராதேங்கோ எண்டு."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஏன் வந்தாய் என்று எங்களைக் கேட்கிற நாடு, தன் ஏழையை ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. வழிச்செலவு கொடுத்து அனுப்பியிருக்கிறது.

ஒரு படம். ரயில் பாதை போடுகிற இடம். மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துக்கொண்டு வரிசையாக ஆம்பிளைகள், உடம்பெல்லாம் புழுதி. நடுவில் ஒருவர் மட்டும் தொப்பியோடு, கைகள் சுத்தமாக. அந்த ஆளும் அவர்களின் நாட்டுக்காரன்தான் என்றாள் மகள். இங்கிலீஷ் தெரிந்தவன். கப்பலால் இறங்கினவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்ப்பான். முதலாளி சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை முதலாளிக்கும் அவன்தான் சொல்வான். அதற்குக் கூலியில் ஒரு பங்கு எடுப்பான்.

"முதலாளிக்கு ஆயிரம் கை வேணும், அம்மா. வாய் ஒண்டு காணும்."

நான் அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "மாமாவிட்டைக் கேக்கவேணும்" என்றாள். அவள் மாமா என்பது அவரைத்தான்.

கேட்டதும் அவர் ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ரோல்ஸ் சாப்பிட்டார். படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தீரோ தங்கச்சி, அப்பவே எங்களைப் போலை ஒரு ஆள் நிண்டிருக்கிறான். இவன் இல்லாட்டி இவ்வளவு சனமும் பட்டினி."

மகள் ஊர்ச்சபை காசு கொடுத்து அனுப்பின கதையைச் சொன்னாள்.

"காசு குடுத்து அனுப்பினவையோ! எங்களிட்டை ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டெல்லே அனுப்பினவன். அவங்கள் குடுத்துவைச்சவங்கள்."

சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஆனா மாமா, இந்த ஆள் இல்லாட்டி அவை தாங்களே இங்கிலீஷ் படிச்சிருப்பினமே?"

"பசியோடை இறங்கி வாறவனுக்குப் படிப்பு வருமோ, பிள்ளை? முதல் சோறு. பிறகுதான் மற்றதெல்லாம்."

"சரி, சோறு கிடைச்சாப் பிறகு?"

அவர் இனிப்பைத் தேடினார்.

"இவர் ஆற்றை ஆள், மாமா? முதலாளியின்ரை ஆளோ, இவையின்ரை ஆளோ?"

"ரெண்டு பேற்றையும்தான்."

"இவர் பங்கு எடுத்தவர். நீங்கள் ஒண்டும் எடுக்கேல்லை. அப்ப உங்களுக்கு என்ன கிடைச்சது?"

என் பிள்ளைக்கு என் வாய். அவர் ரோல்ஸைப் பார்த்தார். பிறகு, "ஒரு கரைச்சலும் வரேல்லைத்தானே" என்றார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. போகும்போது அந்தப் படத்தின் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வேலையிடத்தில் உடுப்பு மாற்றுகிற அலுமாரிக் கதவுக்குள் ஒட்டி வைத்திருந்தார். கேலிக்காக இல்லை. பெருமையாக.

சில வருசத்தில் மில்லை மூடினார்கள். வேறு மாகாணத்தில் புதிய தொழிற்சாலை. அங்கே மிஷினே விரிப்பைப் பிடிக்கும், மிஷினே செருகும், மிஷினே மடிக்கும். எங்கள் கை வேண்டாம். கை வேண்டாமென்றால் வாய் என்னத்துக்கு? அவருக்கும் வேலை போனது. கடைசி நாள் பின்னேரம் மண்டபத்தில் அப்பெரோ வைத்தார்கள். அப்பெரோ என்றால் நின்றுகொண்டே வைனும் சீஸும் சாப்பிட்டு விடைபெறுகிற கூட்டம். செஃபினுக்கும் அதோடு ஓய்வு. ஒவ்வொருவரிடமும் வந்து கை கொடுத்தார். என்னிடம் வந்து, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று மெதுமெதுவாக ஜெர்மனில் சொன்னார்:

"உங்கள் ஆட்களை நினைத்தால் எனக்கு அந்த வைகாசிதான் ஞாபகம் வரும். உங்கள் பெரிய கோயில் திருவிழா. எல்லாரும் கண் வீங்கி வந்து நின்றீர்கள். விடிய விடிய ஆடிப் பாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் கேக் கொண்டுவந்து வாழ்த்தியபோது சந்தோசத்தில் அழுதீர்களே. அதைப் போல ஒன்றை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சொற்கள் எல்லாம் விளங்கின. பிறகு கண்ணாடிக் கதவும், உள்ளே அவர் சிரித்த சிரிப்பும், கடதாசிக் குடைகளும் ஒன்றாக வந்தன. நான் வாய் திறந்தேன். மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் விறுவிறென்று வந்தார். கை உயர்ந்தது.

"பொறும் தங்கச்சி, நான் கதைக்கிறன்."

"தேவையில்லை."

என் ஜெர்மன் நொண்டி ஜெர்மன். அதில்தான் சொன்னேன். திருவிழா இல்லை. யுத்தம். அந்த நாட்களில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்தது. என் அண்ணனுக்குக் கால் போனது. நாங்கள் ஆடவில்லை. ரோட்டில் இருந்து அழுதோம். உங்கள் கேக்கைச் செத்தவீட்டுக் கேக் என்று நினைத்துச் சாப்பிட்டோம்.

செஃபின் கிளாஸை மேசையில் வைத்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார். என்னை இல்லை, அவரை. அவர் உயர்த்தின கையை இறக்கினார். தூரத்தில் அக்கா சீஸைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பஸ் தரிப்பில் அவரைப் பிடித்தேன். அக்கா உடுப்பு மாற்றிக்கொண்டு இருந்தார்.

"என்னெண்டு அண்ணை உங்களுக்கு மனம் வந்தது?"

"துக்கம் எண்டு சொல்லியிருந்தா, ஆர் செத்தது எண்டு கேப்பா. இன்னும் தெரியாது எண்டு என்னெண்டு சொல்லுறது? சண்டை, ஊர்வலம் எண்டு சொன்னா இவையள் கரைச்சல் பிடிச்ச ஆக்கள் எண்டு நினைப்பா. திருவிழா எண்டா எல்லாருக்கும் தருவா. தந்தவதானே?"

"கேக்கை நீங்கள் வெட்டினனீங்கள். அது என்ன கேக் எண்டு தெரிஞ்சு வெட்டினனீங்கள்."

அவர் வாயில் அன்றைக்கு இனிப்பு இல்லை. வெறும் வாயை மென்றார்.

"தங்கச்சி, அண்டைக்குக் காலமை வேலைக்கு வெளிக்கிடேக்கை எனக்கு ஒரு போன் வந்தது. வவுனியாவிலையிருந்து. அவவின்ரை தம்பியைத் தன்ரை கையாலை கிடங்கு வெட்டித் தாட்ட ஒருத்தன் எடுத்துச் சொன்னவன். அவ ரெண்டு மூண்டு நாளாப் பச்சைத் தண்ணி குடிக்கேல்லை. இதைச் சொன்னா விழுந்துபோவா எண்டு… பின்னேரம் சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு, ஞாயிறு சொல்லுவம் எண்டு."

நான் அந்த மனுசனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மண்டபத்தில் எங்களுக்கு அது செத்தவீட்டுக் கேக். செஃபினுக்குத் திருவிழாக் கேக். இரண்டும் தெரிந்து, வீட்டில் விழுந்த சாவும் தெரிந்து, அதை வெட்டி மனைவிக்குத் தீத்தினது அவர் ஒருவர்தான். எனக்கு அழுகை வந்தது. கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை.

"அவ இன்னும் தேடுறா, அண்ணை. உயிரோடை இருக்கிற ஆளுக்குச் செய்யிற அர்ச்சனை செய்யிறா."

"தெரியும்."

"நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"நான் கதைக்கிறன், தங்கச்சி. தைப்பொங்கல் முடியட்டும். நானே கதைக்கிறன்."

மார்கழியில் அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டில் பேசினவர்கள் பேசினார்கள். எத்தனை குடும்பத்துக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர், எத்தனை பேரின் வாயாக இருந்தவர் என்றார்கள். பொய் இல்லை. செஃபின் கறுப்புக் கோட்டோடு வந்தார். அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, ஜெர்மனில் கனநேரம் ஏதோ சொன்னார். அக்கா பழக்கத்தில் தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் நிற்கிற பக்கம். அங்கே ஒருவரும் இல்லை. அவர் பெட்டிக்குள் கிடந்தார்.

"என்னவாம் தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார்.

"பிறகு சொல்லுறன் அக்கா. எல்லாம் சொல்லுறன்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் பொறுத்தேன். அக்காவின் மகன் துன் நகரத்துக்குத் திரும்பிப் போய்விட்டான், அங்கே ஹோட்டல் ஒன்றில் வேலை. நான் போனபோது அக்கா தனிய இருந்தார். ரெலிபோன் அடித்தது. எடுக்கவில்லை.

"எடுங்கோவன், அக்கா."

"ஆரெண்டு தெரியாது. என்னெண்டு கதைக்கிறது?"

தேத்தண்ணி போட்டுத் தந்தார். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. கேக் கதையை முதலில் சொன்னேன். செஃபின் செத்தவீட்டில் சொன்னதையும் சொன்னேன்: தனக்குத் தெரியாது, தன்னை மன்னிக்கச் சொன்னார் என்று. பிறகு மற்றதைச் சொன்னேன்.

"தம்பி செத்துப்போனான், அக்கா. அந்த வைகாசியிலையே. தாட்டவன் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னவன்."

அக்கா கோப்பையைச் சத்தம் வராமல் வைத்தார்.

"எப்ப எடுத்தவன்?"

"நாங்கள் கேக் சாப்பிட்ட அண்டைக்குக் காலமை."

சுவரில் அவருடைய படம், மாலையோடு. அக்கா அதைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தீத்தினவர்" என்றார்.

"ஓம்."

"நான் சாப்பிட்டனான்."

"ஓம், அக்கா."

அழவில்லை. நான் பயந்தது அதற்குத்தான், ஆனால் அழவில்லை. விரிப்பின் முனையைத் தேடுகிற மாதிரி மேசைத் துணியின் ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"ஒரு திவசம் இல்லை. ஒரு பிடி சோறு படைக்கேல்லை. இவ்வளவு வருசமும் அவன் பசியோடை நிண்டிருப்பான்."

பிறகு எழும்பினார். திரும்ப இருந்தார்.

"ஐயரோடை கதைக்கவேணும். என்ரை மோன் தம்பிக்கு மருமோன்தானே, அவன் செய்யலாம். நீர் ஒருக்கா எடுத்துக் கதைக்கிறீரோ, தங்கச்சி?"

என் கை ரெலிபோனுக்குப் போய்விட்டது. அவருடைய வசனம் என் வாய்க்குள் வந்துவிட்டது. எவ்வளவு லேசாக வருகிறது அது! சொல்லியிருந்தால் அக்கா ஆறுதலாகச் சாய்ந்து இருந்திருப்பார், நானும் நல்ல மனுசி என்று பெயர் எடுத்திருப்பேன். நம்பரை அழுத்தி, மணி அடிக்கிற சத்தத்தோடு அக்காவின் கையில் வைத்தேன்.

"நீங்கள் கதையுங்கோ."

"எனக்கு ஏலாது."

"ஏலும்."

"ஹலோ?" என்றார் ஐயர். எனக்கும் கேட்டது. "ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். அக்கா தன் பெயரைச் சொன்னார். இன்னாருடைய மனைவி என்று சொல்லவில்லை, தன் பெயரை. அது ஐயருக்கு யாரென்று விளங்கவில்லை. இரண்டாவது முறை உரத்துச் சொன்னார். பிறகு சொன்னார்:

"என்ரை தம்பி செத்துப்போனான், ஐயா. திவசம் செய்யவேணும்."

"எப்பம்மா?"

"ரெண்டாயிரத்து ஒன்பது, வைகாசி."

ஐயர் கேட்டார்: "என்னம்மா, இவ்வளவு காலம் கழிச்சோ சொல்லுறியள்?"

அக்கா ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இப்பதான் சொன்னவை, ஐயா."